விமானம் போனா போகட்டும்

இடது உள்ளங்கையில, கட்டைவிரலுக்குக் கீழ, பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கு எனக்கு. ஆபீஸ்ல யாராவது பாத்துட்டு என்னாச்சுன்னு கேட்டா "பிளேன்ல அடிபட்டுச்சு"ன்னு சொல்லுவேன், ஒரு செகண்ட் அரண்டு போவாங்க, அப்புறம்தான் பொம்மை பிளேன்னு விளக்கம் குடுப்பேன். இந்த "பொம்மை"ங்குற வார்த்தை மட்டும் எங்க மாடல் பிளேன் கிளப் பெருசு காதுல விழக்கூடாது.

நான் வியாசர்பாடி மொட்டைமாடில காத்தாடி விட்டு வளந்தவன். வேலைக்காக இங்கிலாந்து வந்து லெஸ்டர் பக்கம் குடியேறி பல வருஷம் கழிச்சு, ஏதோ ஒரு ராத்திரி தூக்கம் வராம ஆன்லைன்ல மேஞ்சுக்கிட்டு இருந்தப்போ ஒரு ஃபோம் ட்ரெயினர் பிளேனை ஆர்டர் பண்ணிட்டேன், 1.4 மீட்டர் றெக்கை, எலெக்ட்ரிக் மோட்டார், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஞாயித்துக்கிழமை பார்க்குக்குத் தூக்கிட்டுப் போயி பறக்க விடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் படிச்சுப் பாத்தா இங்க 2019 நவம்பர் 30ல இருந்து அதுக்குச் சட்டம் வந்துருக்கு, நான் வாங்கின மாதிரி சைஸ் பிளேனுக்கு ஆபரேட்டர் ஐடி வாங்கி அந்த நம்பரை பிளேன்ல ஒட்டணும், பறக்க விடுறவங்க ஃபிளையர் ஐடி வாங்கணும், அதுக்கு ஒரு ஆன்லைன் டெஸ்ட், 40 கேள்வில 30 சரியா இருக்கணும். டீ குடிச்சுக்கிட்டே பாஸ் பண்ணிட்டேன். அதுல பாஸ் பண்ணவனுக்குப் பறக்க விடத் தெரியும்னு ஒண்ணும் அர்த்தம் இல்ல, ஆனா எனக்குத் தலைக்கனம் வந்துருச்சு.

நல்ல வேளையா கிளப்ல சேந்தேன். கிளப்னா பெரிய கட்டடம் எல்லாம் நெனைக்காதீங்க, ஒரு விவசாயி கிட்ட குத்தகைக்கு எடுத்த வயல், நடுவுல புல்லை ஒட்ட வெட்டி ரன்வே மாதிரி ஒரு ஸ்ட்ரிப், ஒரு பக்கம் ஆட்டு மந்தை, இன்னொரு பக்கம் ரேப்சீட், நம்ம கடுகுக்கு ஒண்ணுவிட்ட தம்பி, ஏப்ரல் மே மாசத்துல கண்ணு கூசுற மஞ்சள்ல பூத்து நிக்கும். ஒரு ஷெட். ஷெட் சுவத்துல ரெண்டு பக்கத்துக்கு ரூல்ஸ். 400 அடிக்கு மேல போகாதே, பிட்ஸ் மேலயும் (பிளேனை வெச்சு ரெடி பண்ற இடம்) கார் பார்க் மேலயும் பறக்காதே, பைலட் பாக்ஸ்ல நின்னுதான் ஓட்டணும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ்ட்ரிப்ல நடக்கும்போதும் சத்தமா கூவிச் சொல்லணும், பெட்ரோல் இன்ஜின் வெச்சிருக்கவங்க 7 மீட்டர் தள்ளி வெச்சு அளந்தா 82 டெசிபலைத் தாண்டக் கூடாது, இப்படியே போகும். பக்கத்துல ஒரு பழைய பலகை, அதுல நம்பர் போட்ட கிளிப்புங்க. ரேடியோ சிக்னல் 35 மெகாஹெர்ட்ஸ்ல ஓடின காலத்துல ஒரே சேனல்ல ரெண்டு பேரு டிரான்ஸ்மிட்டரை, அதாவது கையில இருக்குற ரிமோட்டை, ஆன் பண்ணா ஏற்கனவே மேல இருக்குற பிளேன் செங்கல் மாதிரி விழுமாம், அதனால உன் சேனல் கிளிப்பை எடுத்து மாட்டினாத்தான் சுவிட்சுல கை வைக்கலாம். இப்ப எல்லாருமே 2.4 கிகாஹெர்ட்ஸ், அந்தத் தொல்லை இல்ல, ஆனா பலகையை எடுக்க பெருசுக்கு மனசு வரல.

பெருசுன்னா எங்க இன்ஸ்ட்ரக்டர், எழுபது தாண்டின வெள்ளைக்காரர், பேசுறது கம்மி. முதல் நாள் என் பிளேனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, வாலைப் பிடிச்சுக்கோன்னாரு, மோட்டாரை மெதுவா ஓட விட்டாரு, பட்டுன்னு டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணிட்டாரு. மோட்டார் நிக்கவே இல்ல. அது பாட்டுக்கு ஓடுது. அதாவது சிக்னல் போனா கடைசியா வந்த கட்டளையையே பிடிச்சுக்கிட்டு இருக்குற மாதிரி என் ரிசீவர்ல ஃபெயில்சேஃப் இருந்துருக்கு, மேல போயி சிக்னல் அறுந்தா பேட்டரி தீர்ற வரைக்கும் அது இஷ்டத்துக்குப் போயிருக்கும். "நாட்டிங்ஹாம்ல யாரு தலைல இறக்கலாம்னு இருந்தே?"ன்னு கேட்டாரு. அதை மாத்துற வரைக்கும் அன்னிக்குப் பறக்கல.

இப்ப அந்த தழும்பு கதை. கிளப் ரூல்ல ஒண்ணு, புரொப்பெல்லர் மாட்டியிருக்குற பிளேன்ல பிட்ஸ்ல வெச்சு பேட்டரியை இணைக்கணும்னா பிளேனைக் கட்டியோ பிடிச்சோ வெச்சிருக்கணும், வீட்டுல வேலை பாத்தா புரொப்பெல்லரையே கழட்டிடணும். பேட்டரி இணைச்ச நிமிஷத்துல இருந்து எலெக்ட்ரிக் மோட்டார் எப்ப வேணா சுத்தும், இன்ஜின் மாதிரி தட்டி எழுப்பத் தேவையில்லை. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு புதன்கிழமை ராத்திரி சமையல்கட்டு டேபிள்ல வெச்சு, கழட்டி மாட்ட சோம்பல் பட்டு, அப்படியே பேட்டரியைச் சொருகினேன். டிரான்ஸ்மிட்டர்ல ரெண்டு பிளேனோட செட்டிங் இருந்துச்சு, நான் விட்டு வெச்சிருந்தது இன்னொரு பிளேனோடது, அதுல த்ராட்டில், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்குற குச்சி, தலைகீழ். பிளேன் பீப் பீப்னு கத்திக்கிட்டே இருந்துச்சு, என்னடா இதுன்னு குச்சியை மேல தள்ளிப் பாத்தேன், ரெடின்னு ஒரு டோன் வந்துச்சு, அப்பாடான்னு குச்சியைக் கீழ இழுத்தேன். கீழன்னா அந்த செட்டிங்ல ஃபுல் பவர். டேபிள்ல இருந்த சாம்பார் கிண்ணத்தைத் தட்டிவிட்டுட்டு நேரா என் மேல வந்துச்சு, புத்தி எதுவும் யோசிக்கல, இடது கை தானா முன்னாடி போயி பிளேன் மூக்கைப் பிடிச்சுது. 11 இன்ச் புரொப்பெல்லர். அஞ்சு தையல். சாம்பாரையும் ரத்தத்தையும் துடைச்சது என் வீட்டுக்காரி, மறுநாள் ஃபிரிட்ஜ்ல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தா, "சமையல்கட்டு ஏர்போர்ட் இல்ல"ன்னு. சார்ஜரும் லிப்போ பேட்டரியும் அன்னிக்கே கராஜுக்கு நாடு கடத்தப்பட்டுச்சு.

பெருசு கிட்ட கட்டோட போயி நின்னேன். சிரிக்கல, திட்டல. தன்னோட ஆள்காட்டி விரலைக் காட்டினாரு, பாதி நகம்தான் இருந்துச்சு.

பறக்கக் கத்துக்குறது பட்டி பாக்ஸ்ல. அவர் கையில ஒரு டிரான்ஸ்மிட்டர், என் கையில ஒண்ணு, அவர் ஒரு சுவிட்சை அமுக்கிப் பிடிச்சிருக்குற வரைக்கும் பிளேன் என்னோடது, விட்டாருன்னா அவரோடது. இதுல வேடிக்கை, அவர் பழைய ஆளு, த்ராட்டில் வலது கைல இருக்குற மோட் 1, நான் இடது கைல இருக்குற மோட் 2. ஆளுக்கு ஒரு மோட்ல இருந்தாலும் பட்டி பாக்ஸ்ல பிரச்சனை இல்ல, ஆனா அவசரத்துல என் டிரான்ஸ்மிட்டரை அவர் பிடுங்கி ஓட்டினா அதோ கதிதான். பிளேன் நம்மளை விட்டுத் தள்ளிப் போறப்போ எல்லாம் சுகம். நம்மளைப் பாத்து வர்றப்போ இடது வலது மாறிடும், மூளை ஸ்தம்பிச்சுடும். அவர் சொல்லிக் குடுத்த வித்தை ஒண்ணுதான், எந்த றெக்கை தாழுதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு. கேக்க கோணலா இருக்கும், ஆனா நிமிந்துடும். இந்த ஊரு மழையும் காத்தும் விட்டுவெச்ச ஞாயித்துக்கிழமைகள்ல இதையே நாலு மாசம் பண்ணினேன்.

ஆனா எனக்கு உண்மையிலயே கஷ்டமா இருந்தது குச்சி இல்ல. தனியா ஓட்ட ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள் காத்து திரும்பி பிளேன் கார் பார்க் பக்கம் ஒதுங்கிடுச்சு. பெருசு பின்னாடி நின்னு "இறக்கு, தரையில போடு"ன்னு கத்தறாரு, கீழ ஆட்டுப் புல்லு, ஒரு ஈ காக்கா இல்ல, போட்டிருக்கலாம். நான் போடல. த்ராட்டிலை முழுசா ஏத்தி வளைச்சு பிட்ஸ் மேலயே கொண்டு வந்து ஸ்ட்ரிப்ல அழகா இறக்கிட்டேன். கை தட்டுவாங்கன்னு திரும்பிப் பாத்தா ஒருத்தர் இன்னும் குனிஞ்சபடியே இருக்காரு, அவர் தலைக்கு மேல ரெண்டாள் உயரத்துல போயிருக்கு. பெருசு வந்து பேட்டரியை உருவி என் கைல குடுத்தாரு. "120 பவுண்டு பிளேன். போனா போகட்டும்னு விடத் தெரியாதவன் இங்க நிக்கக் கூடாது." அவ்வளவுதான், அன்னிக்கு மூட்டை கட்டியாச்சு.

வீட்டுக்கு கார் ஓட்டிட்டு வர்றப்போ முழுக்க காத்தாடி ஞாபகம். நாங்கெல்லாம் டீல் வாங்கி அறுந்து போன காத்தாடிக்குப் பின்னாடி மேல பாத்துக்கிட்டே மாடி விட்டு மாடி தாவி ஓடின ஜாதி, கைப்பிடிச் சுவர் எங்க முடியுதுன்னு பாக்காம. விடக்கூடாதுங்கறதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பாடம். அதை அழிச்சுட்டு வேற எழுத வேண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவை ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் மரத்துக்கு மேல தாழ வந்தப்போ "ஹெலிகாப்டர்!"னு ஒரு குரல் கேட்ட உடனே எல்லாருமே அவனவன் பிளேனைக் கெடைச்ச எடத்துல இறக்கினாங்க, ஒருத்தரோடது ஆட்டுப் புழுக்கை மேல மூக்கைக் குத்தி நின்னுச்சு, யாரும் முனகல. அன்னிக்கு நானும் இறக்கினேன்.

அப்புறம் ஏ சர்டிஃபிகேட். பிரிட்டிஷ் மாடல் ஃபிளையிங் அசோசியேஷன் வெச்சிருக்குற டெஸ்ட், தனியா பாதுகாப்பா ஓட்டுவான்னு சொல்ற அளவுக்கு. ரெண்டு திசையிலயும் ஏறி சுத்தி வரணும், செவ்வகமா சுத்தி இறங்கணும், எட்டு போடணும், எட்டோட நடு நமக்கு நேரா விழணும், அப்புறம் சுமார் 200 அடில த்ராட்டிலைக் குறைச்சுட்டு இன்ஜின் நின்ன மாதிரி இறக்கணும். கடைசில பாதுகாப்புக் கேள்விகள். நம்ம ஊர்ல எட்டு போட்டு டூவீலர் லைசென்ஸ் வாங்கினவன் நான், எட்டைப் பத்திப் பயமே இல்ல.

ரெண்டாவது சுத்துல டக்குனு ஒரு சத்தம், முன்னாடி எதோ பளிச்சுனு பறந்து போச்சு. ஸ்பின்னரோட, அதாவது மூக்கு நுனில இருக்குற கூம்பு மூடியோட, புரொப்பெல்லரே கழண்டுருச்சு. இது நிஜ டெட்ஸ்டிக், பவரே இல்லாம இறங்குறதுக்கு அந்தப் பேரு, "டெட்ஸ்டிக்!"னு கத்திட்டு ஸ்ட்ரிப்பைப் பாக்குறேன், வயல் ஓரத்து நடைபாதைல இருந்து அவுத்து விட்ட ஒரு நாய் ஸ்ட்ரிப் நடுவுல, அதைப் பிடிக்க அந்தம்மா பின்னாடியே. திருப்பி ஏத்த பவர் கிடையாது. கை நடுங்கல, அது எனக்கே ஆச்சரியம். மூக்கை மஞ்சள் பக்கம் திருப்பி ரேப்சீட்டுக்குள்ள போட்டேன். சத்தம் கூட பெருசா வரல, பூ மட்டும் கொஞ்சம் தெறிச்சுது.

எக்ஸாமினர் ஃபெயில் போட்டாரு. நாயால இல்ல. பறக்குறதுக்கு முன்னாடி ஸ்பின்னர் நட்டை இறுக்கிப் பாத்தியான்னு கேட்டாரு, நான் பாக்கல. ஒரே நாள்ல ரெண்டு வாய்ப்பு உண்டு, ஆனா பறக்க விட பிளேன் இருந்தாத்தானே. தோள் உயரச் செடிக்குள்ள நாப்பது நிமிஷம் தேடி பிளேனை எடுத்தோம், பேட்டரியோட, றெக்கை ரெண்டா. எக்ஸாமினரோட பேன்ட் இடுப்பு வரைக்கும் மஞ்சள்.

மூணு வாரம் கழிச்சு புது றெக்கையோட பாஸ் ஆயிட்டேன். ஆனா அந்த ஸ்பின்னர் கிடைக்கல. அலுமினியம் துண்டு, அறுவடை மெஷின்ல மாட்டினா விவசாயிக்குச் செலவு, எங்களுக்கு வயலே போயிடும். விவசாயி கிட்ட போயிச் சொன்னேன், எந்த மூலைன்னு மட்டும் கேட்டுக்கிட்டாரு. பெருசும் நானும் ரெண்டு சனிக்கிழமை அந்த மூலைல வரிசை வரிசையா நடந்தோம். கெடைச்சது ஒரு மர புரொப்பெல்லர், பாதி மக்கிப் போயி, நம்பர் எல்லாம் அழிஞ்சு. பெருசு அதைத் துடைச்சுப் பாத்துட்டு, யாரோடதுன்னு சொல்லாம, பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு.