முன்பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே ஆசிரியையாவது

கொழும்பில் முன்பள்ளி ஆசிரியைகளாக இருக்கும் பலர், முதலில் பயிற்சி பெற்றுப் பின்னர் வகுப்பறைக்குள் வந்தவர்கள் அல்லர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், வீட்டுக்கு அருகிலுள்ள முன்பள்ளியில் உதவிக்கு ஓர் ஆள் தேவை என்று தெரிந்தவர் யாராவது சொல்ல, அப்படியே உள்ளே போய், பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றிவிடுவதிலும் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுப்பதிலும் தொடங்கி, சில ஆண்டுகளில் ஒரு வகுப்பையே பொறுப்பேற்றவர்கள்தாம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்த டீச்சர்மாரில் பெரும்பாலானோர். நானும் அந்த வழியாகவே வந்தேன். இந்தத் தொழிலைக் கற்க இதைவிடச் சிறந்த வழி இல்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நாம் பிள்ளைகளோடு இருப்பதை அதே அறையில் நின்று பார்க்கவும், பிள்ளைகள் போன பிறகு நம்மோடு உட்கார்ந்து கதைக்கவும் அனுபவமுள்ள ஓர் ஆசிரியை இருக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் நடப்பதைப் பயிற்சி என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்த நாட்டில் கட்டாயக் கல்வி 5 வயதில் தொடங்குகிறது. ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியான பிள்ளையே முதலாம் தரத்தில் அனுமதிக்கப்படும். அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகள் பாடசாலை முறைக்கு வெளியே நிற்கின்றன. மாகாண சபைகளின் பொறுப்புக்குட்பட்டு, தனியாரும் சமய அமைப்புகளும் உள்ளூராட்சி மன்றங்களும் முன்பள்ளிகளை நடத்துகின்றன. நடத்துவோர் பலர் என்பதால் ஆசிரியையாகும் வழிகளும் பல. நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் பாடநெறியைத் தமிழிலேயே படிக்கலாம். தேசிய தொழிற்தகைமையில், அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வதில், சான்றிதழ் நிலைகளின் உச்சமான 4ஆம் மட்டத்தை முன்பள்ளி ஆசிரியைக்காகப் பெறலாம். அதற்கு மேல் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாவுக்கு உரியவை. பல ஆண்டுகள் வேலை பார்த்தும் கையில் ஒரு சான்றிதழும் இல்லாதவர்களுக்கு, முன்பே கற்றதை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறையும் அங்கே உண்டு. மொண்டிசோரி டிப்ளோமாவுக்கோ கொழும்பில் எப்போதும் தனி மதிப்பு. 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் 'சிறுவர் இல்லம்' என்ற பெயரில் தம் முதலாவது முன்பள்ளியைத் திறந்த மரியா மொண்டிசோரி, 1939இல் இந்தியாவுக்கு வந்து, போர் மூண்டதால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்த காலத்தில், 1944இல் இலங்கைக்கும் வந்தார் என்பது அந்த மதிப்புக்கு ஒரு காரணம்.

எந்த வழியில் போனாலும், எல்லாவற்றுக்கும் அடிப்படையான வேலை ஒன்றுதான்: அவதானித்தல். என்னைப் பயிற்றுவித்த மூத்த ஆசிரியை முதல் வாரத்திலேயே ஒரு கொப்பியைத் தந்து, ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு பிள்ளையை இருபது நிமிடம் பார்த்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொன்னார். குழப்படி, பிடிவாதம், கெட்டிக்காரன், நல்ல பிள்ளை ஆகிய சொற்கள் அந்தக் கொப்பியில் வரக்கூடாது என்பது அவருடைய கட்டளை. பெரியவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கும்போது பயன்படுத்தும் சொற்களில் பாதி இவைதாம் என்பதால், அவை இல்லாமல் எழுதுவதற்குக் கண்ணை வேறுவிதமாகப் பழக்க வேண்டியிருந்தது.

அந்தக் கொப்பியில் உள்ள ஒரு பக்கத்தை இங்கே சொல்கிறேன். மூன்றரை வயதுப் பையன் ஒருவன் தட்டில் இருந்த இரண்டு சிறிய கூசாக்களுக்கு முன்னால் உட்காருகிறான். வலது கையால் கைபிடியைப் பிடித்து, இடது உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்குகிறான். தண்ணீர் விளிம்பு வரை வந்ததும் ஊற்றுவதை நிறுத்துகிறான். குனிந்து, கண்ணை விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறான். மீண்டும் கொஞ்சம் ஊற்றுகிறான். தண்ணீர் வழிந்து தட்டில் ஓடுகிறது. ஒரு விரலால் அதைத் தொட்டு, தட்டின் கரை வரை நீளமாக ஒரு கோடு இழுக்கிறான். பக்கத்து மேசையில் மணிகளைக் கோத்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்க்கிறான். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்ததும் எழுந்துபோய்ப் பஞ்சை எடுத்து வந்து தட்டைத் துடைக்கிறான்.

அன்று நண்பகலில் கதிரைகளை ஒதுக்கித் தரையைத் துடைத்துவிட்டுத் தேநீருடன் உட்கார்ந்தபோது, மூத்த ஆசிரியை இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மற்றப் பிள்ளை பார்க்காமல் விட்டிருந்தால் துடைத்திருப்பானா?" அதற்கு விடை தெரியாது, தெரிய வேண்டுமானால் மறுநாளும் பார்க்க வேண்டும். அடுத்து வந்த நாட்களில் அந்தப் பையன் எங்கே உட்காருகிறான், யாருக்கு அருகில் உட்காருகிறான் என்பதை வரிசையாகக் குறித்தபோது, அவன் எந்தச் சாமானை எடுத்தாலும் அந்த மணி கோக்கும் பிள்ளையின் பக்கத்து மேசைக்கே கொண்டுபோவது தெரிந்தது. அவர்கள் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் கதைத்துக்கொள்ளவில்லை. அந்த மாதத்தில்தான், வேலையோடு நான் படித்துவந்த பாடநெறியின் சனிக்கிழமை வகுப்பில், சிறு பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி மில்ட்ரட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தோம். தனியே விளையாடுதல், பிறர் விளையாடுவதைப் பார்த்திருத்தல், பக்கத்தில் இருந்தபடி தத்தம் விளையாட்டை விளையாடுதல், பின்னர் சேர்ந்து விளையாடுதல் என்று அவர் பிரித்துக் காட்டிய வகைகளை விரிவுரையாளர் பலகையில் எழுதியபோது, எனக்கு அது புதிய பாடமாகத் தோன்றவில்லை. என் கொப்பியில் ஏற்கெனவே இருந்த பையனுக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. படிப்பையும் வேலையையும் ஒரே காலத்தில் வைத்துக்கொள்வதன் பயன் இதுதான். முதலில் கோட்பாட்டைப் படித்துவிட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து வகுப்பறைக்குள் நுழைபவர், அந்தப் பையனைச் சந்திக்கும் நாளில் பார்ட்டனைப் பெரும்பாலும் மறந்திருப்பார்.

ஜனவரி மாதம் தனியே சொல்ல வேண்டியது. புதிய பிள்ளைகள் வாசலில் அழும் அந்த வாரங்களில், தாய்மார் பலர் பிள்ளை விளையாட்டுச் சாமானைப் பார்க்கும் நொடியில் சத்தமில்லாமல் நழுவிவிடுவார்கள். எங்கள் மூத்த ஆசிரியை இதை ஒருபோதும் அனுமதிப்பதில்லை. தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "அம்மா போயிட்டு 12 மணிக்கு வாறன்" என்று சொல்லிவிட்டே போக வேண்டும்; பிள்ளை அப்போது அழும்; அழட்டும் என்பார். சொல்லாமல் போன தாயை எதிர்பார்த்து அரைநாள் முழுவதும் வாசலையே பார்த்திருக்கும் பிள்ளையையும், சொல்லிவிட்டுப் போன தாய்க்காகப் பத்து நிமிடம் அழுதுவிட்டு மணல் தட்டுக்குப் போகும் பிள்ளையையும் ஒரே காலையில் பார்த்த பிறகு, இதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பென்சில் விடயத்தில்தான் ஒரு பயிற்சி ஆசிரியை மிகவும் கடினமான பாடத்தைப் படிக்கிறார். அந்தப் பாடம் பிள்ளைகளைவிடப் பெற்றோரைப் பற்றியது. விஜயதசமியன்று ஏடு தொடக்கி, அரிசியில் அகரம் எழுதிய கையோடு பிள்ளை கொப்பியை நிரப்பத் தொடங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பிள்ளையின் மேசை வரை நீளுகிறது. மனிதரின் மணிக்கட்டில் உள்ள 8 சிறிய எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகவே எலும்பாகின்றன, கடைசி எலும்பு உருவாகத் தொடங்கும்போது பிள்ளைக்கு ஏறத்தாழ 9 வயதாவது ஆகியிருக்கும். மூன்று வயதுப் பிள்ளை பென்சிலை முழுக் கையால் இறுகப் பற்றுவது அந்த வயதுக்கு இயல்பு. மூன்று விரலால் பிடிக்கும் பிடி நான்கு வயதுக்குப் பிறகு மெல்ல அமைகிறது. அதற்கு முன்னர் கைக்குத் தேவையானவை கோதுமை மாப் பிசைதல், பயறு பொறுக்குதல், பத்திரிகைத் தாளைக் கிழித்து ஒட்டுதல், உடுப்புக் கொடியில் கிளிப் போடுதல் போன்ற வேலைகள். எழுத்துக்கு வரும்போதும் அகரத்தின் சுழியைவிட ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளே சிறு கைக்கு இலகுவானவை. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவி அறிந்த பிறகு பென்சிலை எடுக்கும் பிள்ளையின் கை தயங்குவதில்லை. அந்த அட்டைகளைப் பயிற்சி ஆசிரியைகள் நாமே இரவிரவாக இருந்து வெட்டிச் செய்கிறோம்.

இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் வாசலில் ஒரு தகப்பன் நின்று "கொப்பியில ஒண்டும் எழுதேல்லையே டீச்சர்?" என்று கேட்கும்போது என்ன சொல்வது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் மூத்த ஆசிரியை அவரோடு வாதாடவில்லை. உள்ளே அழைத்து, மகளுக்குப் பின்னால் இருந்த சிறிய கதிரையில் உட்காரவைத்து, அவள் ஒரு கயிற்றில் கிளிப்புகளை வரிசையாகப் போடுவதைப் பார்க்கச் சொன்னார். எந்த விரல்கள் வேலை செய்கின்றன என்று மட்டும் கவனிக்கச் சொன்னார். சற்று நேரம் கழித்து அதே மூன்று விரல்களுக்கு இடையில் ஒரு பென்சிலை வைத்துக் காட்டினார். அந்தத் தகப்பன் முழுமையாகச் சம்மதித்தாரா என்பது வேறு. அன்றிலிருந்து அவர் மகளிடம் கொப்பியைக் கேட்கும் முன் அன்றைக்கு என்ன செய்தாள் என்று கேட்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்ததால் மட்டுமே இன்று நானும் பெற்றோரை அப்படி உள்ளே அழைக்கிறேன்.

கொழும்புப் பிள்ளைகளின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் தமிழும், மாடியில் விளையாடும் தோழர்களிடம் சிங்களமும், கைப்பேசியில் ஆங்கிலமும் கேட்டு வளரும் பிள்ளை, ஒரே காலையில் என்னிடம் "தண்ணி" என்றும் உதவிக்கு வரும் சிங்கள அம்மாவிடம் "வத்துர" என்றும் கேட்கும். ஆளைப் பார்த்து மொழியைத் தெரிவு செய்யும் அந்தத் திறமையைக் குழப்பம் என்று பெற்றோரிடம் சொல்லிவிடக்கூடாது. தமிழில் அந்தப் பிள்ளைக்குக் கதையும் பாட்டும் நாள்தோறும் தாராளமாகக் கிடைக்கச் செய்வதே நம் கடமை.

நான் முதலில் வேலை பார்த்த முன்பள்ளி வேறு. அங்கே என்னை யாரும் பார்க்கவில்லை. கழிவறைக்குக் கூட்டிப் போவது, தரை துடைப்பது, கலை விழாவுக்கு உடுப்புத் தைப்பது என்று நாள் கழிந்தது. இந்த வேலைகளில் எதையும் நான் இழிவாக நினைக்கவில்லை, பிள்ளையைக் கழுவிவிடுவதும் ஆசிரியையின் வேலைதான். ஆனால் நான் என்ன செய்தேன், பிள்ளை அதற்கு என்ன செய்தது என்று ஒருவரும் ஒருநாளும் கேட்கவில்லை. மாதக் கொடுப்பனவு பேருந்துக் கட்டணத்துக்கும் ஒப்படைகளுக்கான தாளுக்கும் சரியாகப் போனது. பாடநெறிக்குக் கடிதம் கேட்டபோது, பயிற்சி பெற்ற ஆசிரியை என்று தாராளமாக எழுதித் தந்தார்கள். இப்படி எழுதப்பட்ட கடிதங்களை நம்பி நாளை ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுவார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பிள்ளையின் உடலில் காயம் கண்டால் யாரிடம் சொல்வது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை எப்போது அழைப்பது என்பதைக்கூட அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே இந்த ஆண்டு எங்கேயாவது சேர எண்ணியிருக்கும் தங்கைமாருக்குச் சொல்ல விரும்புவது இது: சம்பளத்தைக் கேட்பதோடு, உங்களை யார் அவதானிப்பார், வாரத்தில் எந்த நேரத்தில் உங்களோடு உட்காருவார் என்பதையும் நேர்முகத்திலேயே கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அடுத்த தெருவில் இன்னொரு முன்பள்ளி இருக்கும். என்.வி.கியூ. மதிப்பீட்டில் நீங்கள் செய்து காட்டுவதும் வைத்திருக்கும் சான்றுகளும்தான் கணக்கில் எடுக்கப்படும். ஆகவே முதல் நாளிலிருந்தே பாடத் திட்டம், அவதானிப்புக் கொப்பி, செய்த கற்பித்தல் உபகரணங்களின் படம் ஆகியவற்றைத் திகதியிட்டு ஒரு கோப்பில் சேருங்கள். பிள்ளைகளின் முகம் படத்தில் வேண்டாம். முன்பள்ளி நடத்துவோரிடம் நான் கேட்பது, பயிற்சி ஆசிரியையின் சனிக்கிழமை வகுப்புக் கட்டணத்தில் ஒரு பங்கையேனும் ஏற்றுக்கொள்ளுங்கள், மூத்த ஆசிரியைக்கு இதற்காகச் செலவாகும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிடுங்கள் என்பதுதான்.

எங்கள் முன்பள்ளியில் வரும் தவணையிலிருந்து இரண்டு புதிய பயிற்சி ஆசிரியைகள் சேர்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் வகுப்புக்கு வருவார். செவ்வாயும் வியாழனும் பிள்ளைகள் போன பின் 12.30 முதல் 1.15 வரையான நேரத்தை அவருக்கென்று நேர அட்டவணையில் எழுதிவிட்டோம். அந்த நேரத்தில் பெற்றோர் சந்திப்போ கலை விழா ஒத்திகையோ வைப்பதில்லை என்று எல்லோரும் கூடி முடிவெடுத்திருக்கிறோம். கொப்பியும் வாங்கி வைத்தாயிற்று.