சபையில் பெயர் எழுதுவது எதற்கு? ரங்கூன் நாட்குறிப்பு

ஜூலை 4, 2019, வியாழன்

அண்ணன் மகளுக்கு மண்டலேயில் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசியில் கிளம்புகிறாள். "நீ நம் சபையின் உறுப்பினர் என்று ஒரு சாட்சிக் கடிதம் வாங்கிக்கொண்டு போ, அங்கே ஏதாவது பாப்டிஸ்ட் சபையில் கொடுத்துச் சேர்ந்துகொள்" என்றேன்.

"எதற்கு அத்தை? நான் இயேசுவை விசுவாசிக்கிறேன், போதாதா? ஒரு வாரம் இந்தச் சபைக்குப் போவேன், அடுத்த வாரம் வேறொன்றுக்குப் போவேன். எல்லாரும் ஒரே கர்த்தரைத்தானே கும்பிடுகிறார்கள்?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. தினமும் வேதம் வாசிக்கிற பிள்ளை. தாத்தா காலத்திலிருந்து நாம் இந்தச் சபைதான் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அது பழக்கம், அதை யாரும் சொல்லலாம், எந்த மதத்துக்காரரும் சொல்லலாம். "வசனம் காட்டுங்கள், யோசிக்கிறேன்" என்றாள். சரி, காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தேடிப் படிப்பதை அன்றன்றைக்கு இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பெருமழை. சூலே பக்கம் தண்ணீர் நின்றுவிட்டது, பஸ் வரவில்லை. ஆலயத்திலேயே பின்பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் மத்தேயு 18-ஐத் திறந்தோம்.

இந்த அதிகாரத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம். பலரும் எபிரெயர் 10:25-ஐ எடுப்பார்கள், "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல" என்கிற வசனம். ஞாயிற்றுக்கிழமை வராதவர்களைக் கண்டிக்க அதன் முதல் பாதியைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்" என்று அது தொடர்கிறது. பெயர் தெரியாதவர் நடுவில் உட்கார்ந்து எழுந்து வருகிறவளுக்கு யார் புத்தி சொல்வது? அவள்தான் யாருக்குச் சொல்வாள்?

மத்தேயு 18-இல் கர்த்தர் ஒரு வழியையே வகுத்துக் கொடுக்கிறார். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால், "அதைச் சபைக்குத் தெரியப்படுத்து." எந்தச் சபைக்கு? பூமியெங்கும் உள்ள விசுவாசிகள் எல்லாருக்கும் போய்ச் சொல்ல முடியாது. அவனை அறிந்த, அவனும் தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட ஒரு கூட்டம் இருந்தால்தான் இந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியவே முடியும்.

பவுலும் இப்படித்தான் எழுதுகிறார். 1 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரத்தின் கடைசியில் உள்ளே இருக்கிறவர்கள், புறம்பே இருக்கிறவர்கள் என்று பிரிக்கிறார். உள்ளே யார் என்று தெரியாத சபைக்கு அது எப்படிப் பொருந்தும்? 1 தீமோத்தேயு 5:9-இல் உதவி பெறும் விதவைகளின் பெயர்களைச் சேர்க்க வயது உட்பட நிபந்தனைகள் இருக்கின்றன. அப்படியானால் ஒரு பட்டியல் இருந்தது. எபிரெயர் 13:17-இல் சபையை நடத்துகிறவர்கள் தங்கள் பொறுப்பில் உள்ள ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்கவேண்டும். யார் யாருக்காக என்பது அவர்களுக்குத் தெரியவேண்டாமா?

சில வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் கட்டட நிதி பற்றி வந்த தகராறு அவளுக்கு நினைவிருக்கிறது. இரண்டு மூத்த குடும்பங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. நடந்து போகிற தூரத்தில் வேறு சபை இருந்தது, போயிருக்கலாம். போகவில்லை. போதகர் மத்தேயு 18-இன்படியே ஒவ்வொரு படியாக நடத்தினார், மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் அப்பம் எடுத்ததை நான் பார்த்தேன். வாரம் ஒரு சபையாகப் போகிறவளுக்கு அந்தச் சண்டையும் கிடைக்காது, அந்தச் சமாதானமும் கிடைக்காது என்றேன். ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

1706-இல் இதே ஜூலை 9 அன்றுதான் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் லுத்தரன், குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கிற சபையைச் சேர்ந்தவர். பாப்டிஸ்டுகளாகிய நாங்கள் விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே கொடுப்போம். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. அந்தக் கரைகளிலிருந்து கப்பலேறி இங்கே வந்த நம் முன்னோர் கையில் தமிழ் வேதம் இருந்ததற்கு அவர் போட்ட அடித்தளம் ஒரு காரணம். பாப்டிஸ்ட் சபையில் நிற்கிற நான் அவருக்கு நன்றி சொல்லாத வருடம் இல்லை. ஒரு சபையில் உறுதியாக நிற்பதற்கு இன்னொன்றை இகழத் தேவையில்லை. இதை அவளுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு வாதம் சூடாகும் என்று தெரியும்.

ஜூலை 13, சனி

1813, ஜூலை 13. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் ரங்கூனில் கால் வைத்த நாள். பர்மிய சபைகளில் ஜூலை மாதம் அவரை நினைவுகூர்வார்கள். சிறையையும், 1834-இல் முடித்த பர்மிய வேதத்தையும் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அதற்கு முந்தின கதைதான் அண்ணன் மகளின் கேள்விக்கு நேரே வருகிறது, அதை இன்றிரவு விரிவாகச் சொன்னேன்.

1812 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து 'காரவன்' என்ற கப்பலில் புறப்பட்டபோது ஜட்சன் பாப்டிஸ்ட் இல்லை. காங்கிரிகேஷனல் சபையார் அவரை அனுப்பினார்கள்; குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபை. கல்கத்தாவில் இறங்கினால் செராம்பூரில் வில்லியம் கேரியையும் மற்ற பாப்டிஸ்ட் ஊழியர்களையும் சந்திக்கவேண்டியிருக்கும், அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று கப்பலில் படிக்க ஆரம்பித்தார். இன்னொரு கேள்வியும் அவரை அரித்தது. ஒரு வீட்டுத் தலைவன் மனந்திரும்பினால் அவன் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதா? ஆபிரகாம் தன் வீட்டார் எல்லாருக்கும் விருத்தசேதனம் செய்ததுபோல் செய்யவேண்டுமா? தன் சபையின் முறையை நிலைநாட்டத் தேடப் போனவருக்குப் புதிய ஏற்பாட்டில் விசுவாசித்தவர்களின் ஞானஸ்நானம்தான் தெரிந்தது.

ஆன் எளிதில் இணங்கவில்லை. நீங்கள் பாப்டிஸ்ட் ஆனாலும் நான் ஆகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். பிறகு அவரும் தானே உட்கார்ந்து படித்தார். கணவன் சொன்னதற்காக அல்ல, தானே கண்டதற்காக முடிவெடுத்தார் என்பதால் எனக்கு ஜட்சனைவிட ஆன் மேல் மதிப்பு அதிகம். 1812 செப்டம்பர் 6 அன்று கல்கத்தாவில் செராம்பூர் ஊழியர் வில்லியம் வார்டு இருவருக்கும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சில வாரங்களில், வேறொரு கப்பலில் வந்த சக ஊழியர் லூத்தர் ரைஸும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். அனுப்பிய சங்கத்திலிருந்து விலகவேண்டியதாயிற்று. அமெரிக்காவில் அவர்களைத் தாங்க நாடு தழுவிய பாப்டிஸ்ட் வெளிநாட்டு மிஷன் சங்கம் எதுவும் அப்போது இல்லை. ரைஸ் திரும்பிப் போய் சபை சபையாகப் பேசி, 1814 மே மாதம் ஃபிலடெல்பியாவில் ஒன்று உருவானது. எந்தச் சபையானாலும் ஒன்றுதான் என்று ஜட்சன் நினைத்திருந்தால் இத்தனை பாடு பட்டிருக்கவேண்டாம். முதல் பர்மியர் மௌங் நௌ ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் 27, அதாவது ரங்கூனுக்கு வந்து ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து.

ஜூலை 16, செவ்வாய்

வாசோ பௌர்ணமி, பௌத்தர்களின் பண்டிகை, விடுமுறை. அண்ணி சமைத்து எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். அண்ணி ஆங்கிலிக்கன் வீட்டுப் பெண். கைக்குழந்தையில் ஞானஸ்நானம், பதினைந்து வயதில் அந்த விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டுத் திடப்படுத்தல். என் வேதபாடம் மகள் வழியாக அவர் காதுக்குப் போய்விட்டது. சாப்பாடு முடியும்வரை பொறுத்திருந்தார்.

"பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாருக்கும் கொடுத்தார்களே, அங்கே குழந்தையே இல்லையா?" என்று ஆரம்பித்தார். கொலோசெயர் 2-இல், குழந்தைகளுக்கும் செய்யப்பட்ட விருத்தசேதனமும் ஞானஸ்நானமும் பக்கத்தில் பக்கத்தில் வருவதையும் காட்டினார். அப்போஸ்தலர் 2:39-இல் வாக்குத்தத்தம் "உங்கள் பிள்ளைகளுக்கும்" என்று இருப்பதையும் வாசித்தார். அண்ணி வேதம் தெரிந்தவர், இவை லேசான வாதங்கள் இல்லை.

நான் சொன்னது: அப்போஸ்தலர் 16:34 சிறைச்சாலைக்காரன் தன் வீட்டார் அனைவரோடும் விசுவாசித்து மகிழ்ந்ததைச் சொல்கிறது. கைக்குழந்தை அதைச் செய்யாது. கொலோசெயர் 2:12 விசுவாசத்தையும் சேர்த்தே சொல்கிறது. 2:39 அதே மூச்சில் "தூரத்திலுள்ள யாவருக்கும்" என்கிறது, அவர்களையெல்லாம் விசுவாசிக்கும் முன்பே முழுக்காட்டுவதில்லையே. எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவைக் கேட்டது இது: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" வசனம் விளங்கி, தானே கேட்டு இறங்கினான். ரோமர் 6-இல் பவுல் அதைக் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவது என்கிறார். நான் பாப்டிஸ்டாக நிற்பதற்குக் காரணம் இதுதான். என் சபையின் பாட்டோ பிரசங்கமோ அண்ணியின் ஆலயத்தைவிடச் சிறந்தது என்பதால் அல்ல.

அண்ணி மாறவில்லை, நானும் மாறவில்லை. கத்தோலிக்க உறவுக்காரர் ஒருவர் மத்தேயு 16:18-ஐச் சொன்னார், "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்" என்று கர்த்தர் பேதுருவிடம் சொன்ன வசனம். பேதுருவைக் குறித்தது சரி, அதிலிருந்து ரோமாபுரியில் இருக்கிற போப்பிடம் போகிற வழியை அந்த வசனத்தில் எனக்குக் காணமுடியவில்லை என்றேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

ஜூலை 18, வியாழன்

அவளே ஒரு வசனத்தோடு வந்தாள், நான் எதிர்பார்த்த வசனம்தான். 1 கொரிந்தியர் 1:12. "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று சொன்னதைத்தானே பவுல் கண்டித்தார்? பாப்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்வது வேறு என்ன, அத்தை?"

நேர்மையான கேள்வி. "கிறிஸ்து பிரிந்திருக்கிறாரா?" என்ற வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. சபைகள் இத்தனையாகக் கிடப்பது கர்த்தருக்குப் பிரியமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பவுல் சொன்ன மருந்தைப் பார். கட்சி கட்டாதிருக்கச் சொல்கிறார். கொரிந்து சபையை விட்டு யாரோடும் சேராமல் இரு என்று சொல்லவில்லை. அதே நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்லமுடியாது என்கிறார். யாரோடும் சேராதவள் அப்படிச் சொல்லாமலே சொல்லிவிடுகிறாள். "நான் ஜட்சனைச் சேர்ந்தவள்" என்று பெருமை பேசினால் பவுல் என்னையும் கண்டிப்பார், நியாயம்தான்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று அவளாகவே கடிதம் கேட்டாள். ரோமர் 16-ஆம் அதிகாரம்தான் அவளை அசைத்தது என்கிறாள். பவுல் பெபேயாளை ரோமாபுரிக்காரருக்கு அறிமுகப்படுத்தும்போது கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி என்று எழுதி, அவளை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். ஊர்விட்டு ஊர் போகிற பெண், கையில் சபையின் பெயர். எங்கள் பழைய பதிவேட்டில் 1964-க்குப் பிறகு வரிசையாக 'இந்தியா சென்றார், கடிதம் தரப்பட்டது' என்று இருக்கும். கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, வெறுங்கையோடு கப்பலேறியவர்கள் அந்தத் தாளை மட்டும் கொண்டுபோனார்கள். அதையும் அவளுக்குக் காட்டினேன்.

இரண்டு விஷயம் பேசி முடித்தோம். போனவுடனே கடிதத்தைக் கொடுத்துவிடமாட்டாள், சில வாரம் போய்ப் பார்ப்பாள். வேதத்தை ஒழுங்காகப் போதிக்கிறார்களா, வந்தவளின் பெயரைக் கேட்கிறார்களா, தவறு நடந்தால் மூடி மறைக்கிறார்களா என்று கவனிக்கச் சொன்னேன். ஒப்புக்கொண்டாள். இன்னொன்று எனக்குக் கஷ்டமானது. போகிற இடத்தில் தமிழ் ஆராதனை இல்லாவிட்டால்? தமிழில் ஜெபிக்காமல் அவள் என்ன ஆவாள் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அப்போஸ்தலர் 6-இல் கிரேக்கரானவர்களின், அதாவது கிரேக்க மொழி பேசியவர்களின், விதவைகளுக்குப் பந்தியில் குறை வந்தபோது அப்போஸ்தலர் மொழிக்கு ஒரு சபையாகப் பிரித்துவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அதே சபைக்குள் சரிசெய்தார்கள். பர்மிய சபையானாலும் சேர்ந்துவிடு என்று சொல்லிவிட்டேன்.

கடிதத்தைப் பர்மிய மொழியிலும் எழுதித் தரும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். 28-ஆம் தேதி சபைக் கூட்டத்தில் வைத்துக் கையெழுத்துப் போடுவார்கள்.