ஜிம்போச்சோவில் இண்டியானா ஜோன்ஸ் தேடிய கதை

டோக்கியோவில் மூன்று நாள் ஓய்வு கிடைத்தது. இண்டியானா ஜோன்ஸ் படங்கள் ஜப்பானில் முதலில் ஓடியபோது வந்த நோட்டீஸ்களையும் புத்தகங்களையும் தேடுவது என்று ஊரிலிருந்தே முடிவு செய்து வைத்திருந்தேன். தியேட்டரில் இலவசமாக எடுத்துக்கொள்ள வைக்கும் பி5 அளவு நோட்டீஸுக்கு அங்கே 'சிராஷி' என்று பெயர். படம் பார்க்க வந்தவர்களுக்கு விற்பது 'பன்ஃபுரெத்தோ'. நம் பாட்டுப் புத்தகம் மாதிரிதான், ஆனால் வழவழ தாளில், நிறையப் படங்களோடு இருக்கும்.

முதல் நாள் ஞாயிறு. டோக்கியோவின் பழைய புத்தகக் கடைப் பகுதியான ஜிம்போச்சோவில் நிறைய கடைகளுக்கு அன்று விடுமுறை. தெருவை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன். யாசுகுனி சாலையின் தெற்குப் பக்கத்தில்தான் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே வாசல் வடக்கு பார்த்து இருப்பதால் புத்தகங்கள் வெயிலில் வெளுக்காது.

மறுநாள் காலையில் யாகுச்சி ஷோத்தென். 1918-இல் தொடங்கிய கடை. சினிமா, நாடகப் புத்தகங்களுக்குப் பேர்போனது. கட்டடத்தின் வெளிச்சுவர் நெடுகவே அலமாரிதான். அங்கே வெகுநேரம் நின்றுவிட்டு, அப்புறம் நோட்டீஸ் விற்கும் ஒரு மாடிக் கடைக்குப் போனேன்.

பெட்டி பெட்டியாக, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில், ஜப்பானிய அகரவரிசையில். அந்த வரிசைதான் எனக்குக் கை கொடுத்தது. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. 'ப' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹ'. மற்றபடி நம் வரிசையேதான்! வடமொழி எழுத்து முறையைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக வந்த ஒழுங்கு அது. எழுத்துகளை மட்டும் ஒரு வாரம் பழகியிருந்தேன், போதுமானதாக இருந்தது.

'இ' பெட்டியில் இரண்டாவது படம் உடனே கிடைத்தது. முதல் படம் மட்டும் இல்லை. இரண்டு முறை புரட்டியும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: 1981 டிசம்பரில் அது அங்கே வெளியானபோது தலைப்பில் நாயகன் பெயரே கிடையாது, 'ரெய்டாஸு' (ஆங்கிலத்தில் 'ரெய்டர்ஸ்') என்றுதான் தொடங்கும். 'ய' தாண்டி, 'வ'வுக்கு முன்னால், 'ரெ'. இருந்தது! ஓரம் லேசாகப் பழுத்திருந்தது. கீழே படம் ஓடிய தியேட்டரின் பெயர் அச்சாகியிருந்தது. பெயர் அச்சிடாத நோட்டீஸை விட எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு குறிப்பிட்ட வாசலில் யாரோ எடுத்துப் பத்திரப்படுத்திய தாள்.

இரண்டாவது படத்தின் புத்தகத்தையும் வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் ஷோவா 59 என்று இருக்கிறது. பேரரசரின் ஆட்சிக் காலத்தை வைத்து ஆண்டைக் கணக்கிடும் ஜப்பானிய முறை அது. ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் போதும், 1984. உள்ளே அந்தக் கயிற்றுப் பாலம். கதை இந்தியாவில் நடந்தாலும் பாலம் கட்டப்பட்டது இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில். அந்தப் பக்கத்தை ரயிலில் எத்தனை தடவை திருப்பினேன் என்று எண்ணவில்லை.

மூன்றாம் நாள் நகானோ பிராட்வே என்ற வணிக வளாகம். பொம்மைகள் ஏராளம், நான் தேடியது இல்லை. மூன்றாவது படம் இன்னும் பாக்கி. அது 1989 ஜூலையில் வந்தது. அந்த ஜனவரியிலேயே ஷோவா முடிந்து ஹெய்செய் பிறந்துவிட்டதால், அடுத்த முறை கடைசிப் பக்கத்தில் தேட வேண்டியது ஹெய்செய் முதல் ஆண்டு.