லோபத்துக்கு எதிர் உதாரம்

தம்புச் செட்டித் தெருவில், கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். வாரம் ஒரு தடவை நுங்கம்பாக்கம் போய் ஒரு வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் 5 ரூபாய். போக வர 10. நான் வவுச்சரில் எழுதியது, ஆட்டோ 160.

எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். மூன்று வருடம் எனக்கு அது பாவமாகவே படவில்லை. சம்பளம் குறைவு, வெயிலில் அலைகிறோம், முதலாளிக்கு இதெல்லாம் ஒரு காசா? இப்படி யாரும் கேட்காமலேயே மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அர்மேனியன் தெரு அந்தோணியார் கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டு வருவேன். ஒரு தவக்காலத்தில், சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டேன். கோபம், பொய் என்று வழக்கமானவற்றைச் சொல்லி முடித்த பிறகு வவுச்சர் விஷயமும் வாயில் வந்துவிட்டது. சுவாமியார் திட்டவில்லை. “மொத்தம் எவ்வளவு இருக்கும், தம்பி?” என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். “கணக்குப் பாருங்க. அது உங்க காசு இல்லையே” என்றார்.

அன்றிரவு பார்த்தேன். 23,000 ரூபாயைத் தாண்டியது. அப்போது எனக்கு அது இரண்டு மாதச் சம்பளம்.

பாவ மன்னிப்பு பாவத்தைப் போக்கும். ஆனால் பாவம் விளைவித்த கேடு தானாகச் சரியாகிவிடாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459-ஆம் எண்ணில் சொல்கிறது. லூக்கா 19-இல் வரி வசூலிக்கும் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்கிறான். ஒரு மடங்குக்கே எனக்குக் கை நடுங்கியது. கோயிலில் சொன்னதைவிட மேனேஜர் மேசை முன்னால் நின்று சொன்னதுதான் கஷ்டம். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “சரி, மாசம் ஆயிரமா பிடிச்சுக்கலாம்” என்றார். அதன்பின் ரொம்ப நாள் என் வவுச்சரை மட்டும் இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பார். அவர்மேல் தப்பே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முகம் எரியும்.

பொய் எழுதுவது நின்றது. ஆனால் மனசு சுத்தமாகிவிடவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வவுச்சர் நிரப்பும்போது ஓரக்கண்ணால் பார்ப்பேன். ‘நான் உன்னைப் போல இல்லை’ என்று உள்ளே ஒரு குரல். பெருக்கிக் காலியாக வைத்த வீட்டுக்கு, வெளியேறிய பொல்லாத ஆவி இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வரும் என்று மத்தேயு 12-இல் இயேசு சொல்வது என்னையேதான். லோபம், அதாவது பணத்தாசை, போன இடத்தில் அகங்காரம் வந்து உட்கார்ந்திருந்தது.

சின்ன வயதில் ஞான உபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும், அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழையும் ராகம் போட்டு ஒப்பித்திருக்கிறோம். அகங்காரத்துக்குத் தாழ்ச்சி, லோபத்துக்கு உதாரம். உதாரம் என்றால் தாராளமாகக் கொடுப்பது. லோபத்துக்கு எதிர் ‘திருடாமல் இருப்பது’ என்று அதில் இல்லை. இது புரிய எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது. திருடியவன் இனிமேல் தன் கையால் உழைத்து, இல்லாதவருக்கும் கொடுக்கட்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதும் அதே விஷயம்தான். எடுத்த கையே கொடுக்கப் பழக வேண்டும்.

பழகுவது லேசாக இல்லை. சுமை இறக்குகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதில் ஆரம்பித்தேன். முதலில் பத்து ரூபாய் நோட்டை எடுக்கும்போதே கை பின்னால் இழுக்கும். இப்போதும் சில நாள் இழுக்கிறது. தாழ்ச்சியில் இன்னும் மோசம். அதற்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

இப்போது வேறொரு அலுவலகத்தில் வவுச்சரில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் புதுப் பையன் ஒருவன் ஒரு வவுச்சர் நீட்டினான். நுங்கம்பாக்கம், ஆட்டோ, 340.

“ட்ரெயின்லதானே போன, தம்பி?”

தலையைக் குனிந்துகொண்டான். உட்காரச் சொல்லி என் கதையை முழுசாகச் சொன்னேன், அந்த 23,000 வரைக்கும். ஒரு புது வவுச்சரைக் கிழித்துக் கொடுத்தேன். 10 ரூபாய் என்று எழுதினான். மணி இரண்டாகியிருந்தது, அவன் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு கீழே மெஸ்ஸுக்கு இறங்கினேன்.