செல்ப் எடுக்கவில்லையா, ஓம்ஸை நம்பாதீர்கள்

பட்டனை அழுத்தினால் ரிலேயில் (செல்ப் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச்) ஒரு 'டிக்', அப்புறம் மோட்டாரிலிருந்து ஒரு முனகல், அவ்வளவுதான். 2006 மாடல் 150 சிசி வண்டி. பேட்டரி புதிது, சும்மா நிற்கும்போது 12.7 வோல்ட். காட்டிய இடத்திலெல்லாம் "செல்ப் மோட்டார் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். இப்போது தொட்டதும் எடுக்கிறது, மோட்டார் அதே பழைய மோட்டார்தான்.

ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துப் பார்த்தபோதும் அதே முனகல், அப்படியென்றால் ரிலேயின் உள்ளே கோளாறில்லை. சரி, எர்த் பக்கம் (கரண்ட் மோட்டாரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) போவோம். மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் நிலையில்) வைத்து பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் கேஸுக்கும் நடுவே பார்த்தால் எல்லாம் சுத்தம் என்கிறது. சொல்லாமல் என்ன செய்யும்? மீட்டர் வயர்களே 0.2 ஓம் காட்டும், நாம் தேடுவதோ 0.03 ஓம். ஆனால் செல்ப் 60 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 0.03 கிட்டத்தட்ட 2 வோல்ட்டை விழுங்கிவிடும்.

அதனால் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலின் மேலேயே (வயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக் மேல் அல்ல) வைத்து, மறுமுனையை மோட்டார் உடம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ப் அடிக்க வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதால் பிளக் கேப்பைக் கழற்றி அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி ஹெட்டில் படும்படி வைத்தேன். எஞ்சினில் இருக்கும் பிளக்கையே கழற்றுபவர்கள் உண்டு. கம்ப்ரஷன் போய் மோட்டாருக்குச் சுமையே இருக்காது, அப்புறம் எதை அளப்பது?

எர்த் வழியில் தொலைவது 1.8 வோல்ட்! 0.2ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், லக்குக்கும் கேஸுக்கும் நடுவில் மட்டும் 1.6. போல்ட்டைத் தொட்டால் சுடுகிறது. கழற்றினால் லக்கின் அடியில் பச்சை பூத்திருக்கிறது, அதற்கும் கீழே முந்தைய ஓனர் எஞ்சினுக்கு அடித்த சில்வர் பெயிண்ட், நல்ல கெட்டியாக. எமரி போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன்.

பழைய எர்த் வயரின் செம்பும் உள்ளே கறுத்திருந்ததால் 16 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் வாங்கி லக் அடித்துப் போட்டாயிற்று. வண்டி ஸ்பேர்ஸ் கடையில் கேட்டு அலைய வேண்டாம், எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், வளைவதற்கும் மெத்தென்று இருக்கும். மல்டிமீட்டர் வாங்க என்றால் சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது.

அடுத்து மோட்டாரை இறக்கி உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன், மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்கு ஒரு பக்கமாக மட்டும் கடத்தும் ஒன்வே கிளட்சிலும் லேசாக ஒரு கரகர கேட்கிறது. ஆனால் அதற்கு முன்னால் பாசிட்டிவ் பக்கத்தில் இன்னும் 0.5 வோல்ட் இழப்பு நிற்கிறது. ரிலேயின் நட்டு துருவேறி அசைய மாட்டேன் என்கிறது, டபிள்யூடி-40 (துருவை இளக்கும் ஸ்ப்ரே) அடித்து ஊறப் போட்டிருக்கிறேன்.