டாட்டர்ஷால் செங்கல் கோபுரம், அட்டையில் 40 சென்டிமீட்டர்

ஐந்து வாரங்களாக மேசையை அடைத்துக்கொண்டிருக்கும் டாட்டர்ஷால் கோபுர அட்டை மாதிரிக்கு நேற்று உச்சிச் சுவரை ஒட்டி முடித்தேன். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் நிற்கும் மூலக் கோபுரம் ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். நூற்றில் ஒரு பங்காகச் செய்வதால் என்னுடையது 40 சென்டிமீட்டர். மன்னர் ஆறாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்த ரால்ஃப் கிராம்வெல் பிரபு 1430-களிலும் 1440-களிலும் இதைக் கட்டினார்.

முதல் சறுக்கல் மூலைக் கோபுரங்களில் நேர்ந்தது. அவை எண்கோண வடிவின. அட்டையை அப்படியே மடித்ததில் வெளிப்பக்கம் வெடித்து நார் தெரிந்தது. வெளிப்பக்கத்தில் பாதி ஆழத்துக்குக் கத்தியால் கீறி, கீறலை விரித்தாற்போல் மடித்த பிறகே முனைகள் கூராக நின்றன. அடுத்து, சன்னல்களை வெட்டிய உடனே சுவர் துவளத் தொடங்கியது. படத்தில் பார்த்தபோது உறைக்காதது கையில் பட்டபோது உறைத்தது: எதிரிக்கு அஞ்சிக் கட்டியவர் இத்தனை பெரிய சன்னல்களை வைத்திருக்க மாட்டார். தரைமட்டத்திலேயே மூன்று வாசல்கள் வேறு. சுற்றிலும் இரட்டை அகழி, உச்சியில் கீழே நிற்பவர்மேல் கல் தள்ள இடைவெளி விட்டுத் துருத்தி நிற்கும் கல் தாங்கிகள் என்று கோட்டைக்குரிய அடையாளங்கள் யாவும் இருந்தாலும், போருக்கு என்பதைவிடப் பிரபுவின் செல்வத்தைத் தொலைவிலிருந்தே காட்டுவதற்குத்தான் இது எழுந்தது என்பது என் கணிப்பு.

செங்கல்லும் அந்தப் பகட்டின் பகுதிதான். கோபுரத்துக்கு ஏறத்தாழ 7 லட்சம் செங்கற்கள் பிடித்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நான் கோடு கிழித்ததோ ஒரே ஒரு முகப்புக்கு; அதற்கே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கருஞ்செங்கற்களால் சுவரில் அமைத்த சாய்சதுரக் கோலத்தை முதலில் அழுத்தமான கறுப்பில் வரைந்து கெடுத்தேன். மெல்லிய ஊதா கலந்த சாம்பல் நிறத்தை நீரில் கரைத்துப் பூசியதும் சரியாயிற்று.

பெரிய பிழை இனிமேல்தான். கணப்பு அடுப்புகளின் கல் முகப்புகளை ரப்பர் துண்டில் செதுக்கி, கருவூலத் தலைவரின் சின்னமான பணப்பையையும் அவற்றில் குண்டூசியால் கீறி வைத்திருந்தேன். அவற்றைப் பொருத்தாமலே சுவர்களை மூடிவிட்டேன். மூலக் கோபுரத்திலும் அந்த முகப்புகள் ஒருமுறை இடம்பெயர்ந்தவைதான். அவற்றைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள்; அமெரிக்காவுக்குக் கப்பலேற இருந்த நிலையில், 1911-ல் கோபுரத்தை வாங்கிய கர்சன் பிரபு தேடிப்பிடித்து 1912-ல் மீட்டு வந்தார். இந்தியாவில் வைசிராயாக இருந்தபோது 1904-ஆம் ஆண்டின் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவரே. இந்தக் கோபுரத்துக்கு நேரவிருந்த கதி இங்கிலாந்தில் 1913-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்துக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. 1925-ல் அவர் மறைந்தபோது கோபுரம், பழஞ்சின்னங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சேர்ந்தது. அடுப்பு முகப்பைப் பெயர்த்தெடுத்தால் அது வெறும் செதுக்குக் கல். கிராம்வெல் பிரபுவின் பணப்பைச் சின்னம், அவர் விருந்தினரை வரவேற்ற அறையின் சுவரில் இருக்கும்போதுதான் பேசுகிறது.

ஆகவே பின்சுவரைச் சவர அலகால் பிரித்தெடுத்தேன். முதல் தளத்து முகப்பு பொருந்திவிட்டது. இரண்டாம் தளத்துடையது அரை மில்லிமீட்டர் அகலம் கூடுதலாக இருக்கிறது, உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.