ரெக்கார்டிங் நீளமானா நாய்ஸ் ஸ்பெக்ட்ரம் ஸ்மூத் ஆகுமா?

ஒரு ஆம்ப்ளிஃபையரோட நாய்ஸை அளக்கலாம்னு உக்காந்தேன். இன்புட்ல வெறும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், வேற சிக்னலே கிடையாது. ரெசிஸ்டர் சும்மா இருந்தாலே அதுல வோல்டேஜ் ஆடும்னு ஜான்சன் அளந்து காட்டினாரு, நைக்விஸ்ட் அதுக்கு கணக்கு சொன்னாரு, ரெண்டு பேர் பேப்பரும் 1928ல வந்துச்சு. ரூம் டெம்பரேச்சர்ல 10 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்வித்துக்கு இந்த ரெசிஸ்டர் சுமார் 0.4 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ் (ஸ்கொயர் பண்ணி, சராசரி எடுத்து, ரூட் போட்ட அளவு) குடுக்கும்.

டேட்டாவுக்கு எஃப்எஃப்டி (சிக்னல்ல எந்த ஃப்ரீக்வென்சி எவ்ளோ இருக்குன்னு பிரிச்சுக் காட்டற கணக்கு) போட்டு ஸ்கொயர் பண்ணா, அதாவது பவர் ஸ்பெக்ட்ரம் எடுத்தா, தட்டையா ஒரு கோடு வரும்னு நினைச்சேன், ஆனா தாறுமாறா புல்லு முளைச்ச மாதிரி இருந்துச்சு. சரி, டேட்டா பத்தல போலன்னு பத்து மடங்கு நேரம் ரெக்கார்ட் பண்ணேன். புல்லு இன்னும் நெருக்கமாச்சு, ஆனா மேலயும் கீழயும் ஆடறது துளிகூட குறையல!

ஏன்னா ரெக்கார்டிங் நீள நீள ஃப்ரீக்வென்சி புள்ளிகளும் அதே அளவுக்கு கூடிடுது, அதனால ஒரு புள்ளிக்கு கிடைக்கிற தகவல் ஏறவே இல்ல, ஒவ்வொரு புள்ளியும் தன்னோட சராசரி எவ்ளோவோ கிட்டத்தட்ட அவ்ளோ ஆடிட்டே இருக்கும். அதே டேட்டாவை 100 துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் தனியா ஸ்பெக்ட்ரம் எடுத்து ஆவரேஜ் பண்ணேன், ஆட்டம் பத்துல ஒரு பங்கா இறங்கிடுச்சு. துண்டுகளை ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறற மாதிரி வெட்டி, விண்டோவும் (துண்டோட ரெண்டு ஓரத்தையும் மெதுவா தேய்ச்சு குறைக்கறது) போட்டா அதுதான் வெல்ச் முறை, 1967ல வந்தது. பதிலுக்கு ரெசல்யூஷன் போகும், பக்கத்து பக்கத்துல ரெண்டு டோன் இருந்தா பிரிச்சு பாக்க முடியாது. எவ்ளோ விட்டுக்குடுக்கலாம்னு நாமதான் முடிவு பண்ணணும், எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ரொம்ப பிடிச்ச இடமே இதுதான்.

கோடு தட்டையானதும் 50 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு சின்ன மேடு தெரிஞ்சுது. சந்தேகத்துக்கு ஆட்டோகோரிலேஷன் போட்டேன், அதாவது சிக்னலை கொஞ்சம் தள்ளி வெச்சு அதோடயே பெருக்கி ஆவரேஜ் எடுக்கறது. வெறும் வொயிட் நாய்ஸா (எல்லா ஃப்ரீக்வென்சிலயும் ஒரே அளவு இருக்கற நாய்ஸ்) இருந்தா கொஞ்சம் தள்ளினதுமே பூஜ்யத்துக்கு விழுந்துடணும். எனக்கு விழுந்துச்சு, ஆனா அப்புறம் ஒவ்வொரு 20 மில்லிசெகண்டுக்கும் ஒரு குட்டி தலை எட்டிப் பாத்துட்டே இருந்துச்சு, எவ்ளோ தூரம் தள்ளினாலும் சாகல. கரண்ட் லைன் ஹம்! ஆட்டோகோரிலேஷனை ஃபோரியர் பண்ணா பவர் ஸ்பெக்ட்ரம் வரும்னு வீனர்-கின்ச்சின் தியரம் சொல்லுதே, அதை எக்ஸாமுக்கு ப்ரூஃபா மட்டும் படிச்சவங்க ஒரு தடவையாவது இப்படி நிஜ டேட்டால போட்டுப் பாருங்க, ப்ளீஸ்.

அப்புறம் இன்புட் வயரை பவர் சப்ளை பக்கத்துலேந்து தள்ளி வெச்சேன், அந்த தலைங்க போயிடுச்சு. பத்து ஹெர்ட்ஸுக்கு கீழ கோடு மேல ஏறறது மட்டும் அப்படியே இருக்கு, அது ஆம்ப்ளிஃபையரோட ஃப்ளிக்கர் நாய்ஸ் (ஃப்ரீக்வென்சி குறைய குறைய கூடற நாய்ஸ்), அதை ஆவரேஜ் பண்ணி துரத்த முடியாது.